தண்ணீர் கிழிந்த வருஷம்

நொச்சிக்காட்டுப்புதூரில் கனமே இல்லாமல் போன அந்த ஒரு வருஷத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் சென்னியப்பன் தோட்டத்து மோட்டாரை இடம் மாற்றியதில்தான் தொடங்குவார்கள், மோட்டாரைச் சொன்னால் அவர் மனைவி மயிலாத்தாள் முருங்கை பறிக்கப்போய் ஏணியிலிருந்து விழுந்ததைச் சொல்லியாக வேண்டும், அவள் விழுந்ததைச் சொன்னால் சென்னியப்பன் பட்ட பாட்டைச் சொல்லாமல் தீராது, ஆகவே நாமும் அந்த வரிசையிலேயே போவோம்.

இடுப்பெலும்பு முறிந்த மயிலாத்தாளுக்கு டவுன் ஆஸ்பத்திரியில் தகடு வைத்து அனுப்பினார்கள். எலும்பு கூடிவிட்டது, இனிமேல் கால்தான் பழக வேண்டும் என்றார் டாக்டர். வாரா வாரம் ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெசிந்தா சிஸ்டர் ஸ்கூட்டரில் வந்து, இரும்புச் சட்டம் ஒன்றைப் பிடிக்கச் சொல்லி, அவளைக் கட்டிலைவிட்டு எழுப்பி நிறுத்துவார். உடம்பின் கனம் முழுக்கக் காலில் இறங்க வேண்டும், வலிக்கும், வலித்தால்தான் கால் திரும்பி வரும் என்பார். மயிலாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள், கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு ஓடும். சென்னியப்பன் நல்ல மனுஷர், ஆனால் வலியை நின்று பார்க்கத் தெம்பில்லாத மனுஷர். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுமே மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார், காட்டிய மாட்டையே திரும்பவும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவார், வயிறு முட்டிப்போன மாடு அவரை ஏற இறங்கப் பார்க்கும்.

வைத்தியம் மெதுவாகத்தான் நடக்கிறது என்று பட்டவர்கள் அடுத்து எங்கே போவார்களோ அங்கேதான் அவரும் போனார். வாஸ்துக்காரர் வெள்ளைக் காரில் வந்து இறங்கி, உள்ளங்கையில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிவிட்டு, கிணறு கன்னி மூலையில் கிடக்கிறதே, வீட்டுப் பொம்பளைக்குக் கால் எப்படி விளங்கும் என்று கேட்டார். அப்பன் பாட்டன் வெட்டிய கிணற்றை எப்படி நகர்த்துவது என்று சென்னியப்பன் தலையைச் சொறிந்தபோது, பாவம் பார்த்து ஒரு சலுகை கொடுத்தார்: கிணறு கிடந்துவிட்டுப் போகட்டும், மோட்டாரை ஈசானிய மூலைக்குக் கொண்டுபோய்விட்டால் தண்ணீர் ஈசானியத்திலிருந்து பிறந்ததாகக் கணக்கு. கணக்கு என்று ஒன்று வந்துவிட்டால் நம் ஆட்கள் மறுபேச்சுப் பேசுவதில்லை. கிணற்றுக்குள் கல் திட்டில் தண்ணீரைத் தொட்டாற்போல உட்கார்ந்து, ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாமல் இத்தனை வருஷம் ஓடிய மோட்டாரைக் கயிறு கட்டி மேலே தூக்கி, தோட்டத்தின் மறுகோடியில் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த புது அறையில் வைத்தார்கள். கிணற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் குழாய் களத்தோரம் ஒரு வளைவு வளைந்து, மாட்டுக்கொட்டகையைச் சுற்றி ஒரு வளைவு வளைந்து, வேப்பமரத்தை வெட்ட மனசில்லாமல் இன்னொரு வளைவு வளைந்து அந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தது.

பூசை போட்டு சுவிட்சைத் தட்டியதும் மோட்டாருக்குள் சல்லிக்கல்லைக் கொட்டி யாரோ ஆட்டுவதுபோலச் சத்தம் எழுந்தது. புது அறை, அதனால் எதிரொலிக்கிறது என்றார் சென்னியப்பன். கொஞ்ச நேரத்தில் தொட்டிக்குள் விழுந்த தண்ணீரோடு தேங்காய் அளவில் குமிழிகள் வந்தன, ஒன்றன்பின் ஒன்றாக, உடையாமல், தொட்டியைவிட்டு எழும்பி, தென்னை ஓலையில் முட்டி அங்கேயே நின்றன.

அந்நேரம் தொட்டியில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள், பிறகு குனிந்து துவைத்தார்கள். குமிழிகள் முகத்தில் வந்து இடிக்கின்றன, இதற்கு ஏதாவது தட்டி கட்டக்கூடாதா என்று பக்கத்துத் தோட்டத்துப் பாவாயி மட்டும் சலித்துக்கொண்டாள். அவள்தான் பிழிந்துவைத்த துணி மூட்டையைத் தூக்கப்போய், அது தூக்குமுன்னே இடுப்புயரம் எழும்பி நிற்பதைக் கண்டவள். ஈரச்சேலையின் மடிப்புக்குள் ஒரு குமிழி மாட்டியிருந்தது. கையால் பிடித்தால் நழுவும், காய்ந்த துணியில் தங்காது, ஈரத்துணியில் முடிச்சுப் போட்டால் அப்படியே இருக்கும், எதில் கட்டுகிறோமோ அதன் கனத்தைத் தின்றுவிடும் என்பதெல்லாம் அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. உள்ளே மணியில்லாத நெல்லைச் சொல்வதுபோல அதைப் பொக்கு என்று சொன்னார்கள், அந்தப் பெயரே நிலைத்தது.

அப்புறம் நொச்சிக்காட்டுப்புதூர் தோள்பட்டையில் கைவைத்துத் தேய்த்துவிடுகிற பழக்கத்தையே மறந்தது. பால் கேன்களை இரண்டு விரலில் தொங்கவிட்டுக்கொண்டு சொசைட்டிக்குப் போனார்கள், விருந்தாளி வந்தால் ஆட்டுக்கல்லை அறைவிட்டு அறைக்கு எடுத்துப் போட்டு ஆட்டினார்கள், மாசமாக இருந்த பெண்கள் அடிவயிற்றில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு கரும்புக்காட்டுக்கு வேலைக்கு வந்தார்கள். பாவாயியின் எருமை எப்படியோ நனைந்த கழுத்துக் கயிற்றில் ஒன்றை மாட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்க வாகை மரத்து உச்சியில் மேய்ந்தது, இறங்கி வந்த பிறகு கீழே கிடக்கிற புல்லை மதிக்கவில்லை. தேங்காய் வியாபாரி தராசைத் தூக்கிப் பார்த்துவிட்டு இந்த ஊரில் ஈரத்துண்டு போட்டவன் எவனும் எடைக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று கறாராகச் சொல்ல, பஞ்சாயத்தும் ஒத்துக்கொண்டது. கண்டக்டர் பஸ்ஸில் ஏற்ற மறுத்தார், பள்ளத்தில் பஸ் இறங்கினால் ஆட்கள் கூரையில் போய் இடிக்கிறார்கள் என்பது அவர் குறை.

ஊரில் நல்லசாமி என்பவரின் அப்பன் இறந்தபோது மட்டும் ஊர் கொஞ்சம் யோசித்தது. யாரோ உபகாரம் செய்வதாக நினைத்துப் பாடைக்கு அடியில் நாலு மூலையிலும் பொக்கைக் கட்டிவிட்டார்கள். பாடை விறுவிறுவென்று போய், தப்பு அடிக்கிறவர்களுக்கு முன்னாலேயே சுடுகாடு சேர்ந்துவிட்டது. எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வந்த நல்லசாமி, என் அப்பன் கனத்தை என் தோள் பார்க்கவே இல்லையே என்று அழுதவர் வெகுநேரம் நிறுத்தவில்லை. அன்றிலிருந்து பாடைக்குப் பொக்கு கட்டக்கூடாது என்று ஆனது. மற்றதெல்லாம் அப்படியே நடந்தது.

இத்தனையும் மற்றவர்களுக்கு. சென்னியப்பனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. முதல் வாரத்திலேயே ஈரத்துண்டில் மூன்று பொக்கை முடிந்து மயிலாத்தாளின் இடுப்பில் சுற்றினார். அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்தாள், பிடியை விட்டாள், வாசற்படி தாண்டி, களம் தாண்டி, தான் வைத்த கனகாம்பரச் செடிகள் வரைக்கும் நடந்துபோய் நின்றாள். நடை என்று அதைச் சொல்லலாமா என்பது வேறு விஷயம், பாதம் மண்ணைத் தொட்டும் தொடாமலும் போயிற்று, ஆனாலும் முகத்தில் வலி இல்லை. சென்னியப்பன் வாசலில் நின்றபடியே அழுதார். ஈசானிய மூலையைப் பார்த்துக் கும்பிட்டார். அதன்பிறகு அவருக்கு உத்தியோகமே அதுதான் என்றாயிற்று: சொம்புத் தண்ணீரோடு அவள் பின்னாலேயே போய், துண்டு காயக் காயத் தெளித்துவிடுவது, அவள் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பது.

ஜெசிந்தா சிஸ்டர் மறுபடி வந்தபோது மயிலாத்தாள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சிஸ்டர் வாழ்த்தவும் இல்லை, வையவும் இல்லை, அவளை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பேசினார். போகும்போது சென்னியப்பன் கொடுத்த மோரைக்கூட வாங்கவில்லை. இனி வரவேண்டாமென்று சிஸ்டரிடம் தானே சொல்லிவிட்டதாகவும், நடக்கிறவளுக்கு எதற்கு நிற்கப் பழக்குவது என்றும் மயிலாத்தாள் சொன்னாள். சென்னியப்பனுக்கு ஒரு தொல்லை விட்டது போலத்தான் இருந்தது, வேறெதுவும் அவர் கேட்கவில்லை. சிஸ்டர் உள்ளே என்ன சொன்னார் என்ற அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

கார்த்திகை முடியுமுன் வாழைத்தோட்டத்தின் கடைசி வரிசைகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை. மோட்டார் போடுகிற சத்தம் மட்டும் குறையவே இல்லை. நாற்சந்தியில் கடை வைத்திருந்த மெக்கானிக் குப்புராசு வந்தான், வெற்றிலை போடாத நேரமெல்லாம் யாரையாவது கிண்டல் செய்கிற ஆள். திருப்புளியின் முனையைப் பம்பின் மேல் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டான். கிணற்றடிக்குப் போய் குழாயின் அடிமுனை வால்வை மேலே இழுத்துப் பாசியையெல்லாம் வழித்துவிட்டுப் போட்டான், சத்தம் மாறவில்லை. குழாய் இணைப்பில் எங்காவது காற்று உறிஞ்சுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோப்புநீர் தடவிப் பார்த்தான், எங்கும் இல்லை. பிறகு தொட்டிக்குப் போகிற பக்கத்து வால்வைக் கொஞ்சம் மூடினான். சல்லிக்கல் சத்தம் அடங்கியது, தொட்டியில் வந்த பொக்குகள் எலுமிச்சங்காய் அளவுக்குச் சுருங்கின. திரும்பத் திறந்தான், சத்தமும் வந்தது, தேங்காயும் வந்தது. பம்பைக் கழற்றி உள்ளே சுற்றுகிற சக்கரத்தை வெளியே எடுத்தபோது அதன் இறக்கைகளெல்லாம் கரையான் தின்ற கதவுபோலக் குழிகுழியாக இருந்தன. கிண்டலுக்கு அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை.

“மாமா, இது மோட்டாருக்கு வந்த நோவில்லீங், தண்ணிக்கு வந்த நோவு,” என்றான். “பம்பு இழுக்கற வேகத்துக்குத் தண்ணி வந்து சேரோணும். இத்தன தூரம், இத்தன வளைவு, கெணத்துலயும் மட்டம் கீழ போயிருச்சு, எங்க வந்து சேர்றது? இழுக்கற இழுப்புல தண்ணி கிழியுதுங். அந்தக் கிழிசலத்தான் நீங்க ஊருக்கெல்லாம் குடுத்துட்டு இருக்கறீங்க. பாதி உள்ளயே ஒடஞ்சு இரும்பத் திங்குது, மீதி ஒடையாம வெளிய வருது. அது எப்பிடி ஒடையாம வருதுன்னு மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்.”

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார் சென்னியப்பன். மோட்டாரைப் பழையபடி கிணற்றுத் திட்டில் இறக்கி வைத்துவிட்டு வளைவுகளைக் கழற்றி வீசினால் போதும், அரைநாள் வேலை, சத்தம் நின்றுவிடும், பொக்கும் நின்றுவிடும் என்றான் குப்புராசு. அந்நேரம் வீட்டுப் பக்கம் மயிலாத்தாள் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டு, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் கொஞ்சம் மிதந்துகொண்டு, இவர்களைப் பார்த்து, குப்புராசுக்குக் காப்பி வைக்கட்டுமா என்று கையால் கேட்டாள்.

“சக்கரத்த மட்டும் மாத்திட்டுப் போ,” என்றார் சென்னியப்பன்.

“மாத்தறனுங், எனக்கென்ன, வருசம் பூரா மாத்துவேன். ஆனா வெளிய வந்தது ஒடையாமயே கெடக்கும்னு நெனச்சறாதீங். ஒடையறதுக்குன்னே பொறந்ததுங் அது.”

அரைநாள் வேலை. ஒரு மனுஷனுக்கு முன்னால் இவ்வளவு சின்ன வேலையாகத் தன் விதி வந்து நிற்பது அபூர்வம், அதைக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார் சென்னியப்பன். குப்புராசு சொன்னதை அவர் மயிலாத்தாளிடம் சொல்லவில்லை. சொன்னால் மோட்டாரை இறக்கிவிடுங்கள் என்பாள், அவள் சுபாவம் அப்படி, பக்கத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் குறைகிறது என்றாலே அவளுக்குச் சோறு இறங்காது. தன் சுபாவம் எப்படி என்று அவர் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை.

தை போய் மாசி வந்தது. சக்கரங்கள் வந்தன, தேய்ந்தன, குழிவிழுந்து கழற்றப்பட்டு அறைக்கு வெளியே குவிந்தன. வாழையின் கடைசி வரிசைகள் காய்ந்து, நடு வரிசைகளிலும் இலை பழுக்க ஆரம்பித்தது. தொட்டியில் முழங்கால் அளவுக்குமேல் தண்ணீர் நிற்பதில்லை என்றாலும் யாரும் குறை சொல்லவில்லை, தண்ணீருக்காகவா அங்கே வந்தார்கள்? இடையில் ஒருநாள் மயிலாத்தாளின் மெட்டிகள் கழன்று களத்தில் கிடந்தன. சென்னியப்பன் எடுத்துக் கொண்டுபோய் ஆசாரியிடம் கொடுத்துச் சுருக்கி வாங்கி வந்தார். சுருக்கிய மெட்டியும் மாசத்துக்குள் கழன்றது. அவள் காலைப் பிடித்து மெட்டியைப் போட்டுவிடும்போது அவர் கைக்கு ஏதோ தெரிந்தது, தெரிந்ததை அவர் மனசு வரைக்கும் போக விடவில்லை, நூலைச் சுற்றி மெட்டியை இறுக்கிவிட்டு எழுந்துகொண்டார். துண்டில் கட்டுகிற பொக்கும் மூன்று போதாமல் நாலாகி, நாலு ஐந்தாகியிருந்தது. அவள்தான் கேட்டாள், அவர்தான் கட்டினார்.

பங்குனியில் மாரியம்மன் பொங்கல். விழுந்த வருஷம் மாவிளக்கு எடுக்க முடியாமல் போன குறை மயிலாத்தாளுக்கு இருந்தது. காலையிலேயே புதுச்சேலை கட்டி, அதன்மேல் மஞ்சள் துண்டை நனைத்துச் சுற்றி, தட்டில் மாவிளக்கை ஏற்றிக்கொண்டு கோயிலைச் சுற்ற ஆரம்பித்தாள். சொம்போடு சென்னியப்பன் பின்னால் போனார். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது, பாவாயி குலவையிட்டாள், பூசாரி கூட எட்டிப் பார்த்தார். ஈசானிய மூலைக்கு வந்து சேருகிற நேரத்தில், தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாருக்குள் சக்கரம் இரண்டாகப் பிளந்தது.

அது கோயில்வரை கேட்டிருக்க நியாயமில்லை. கேட்டது வேறு: ஊரின் எல்லா இடத்திலிருந்தும் ஒரே சமயத்தில், ஒரு கூடை சல்லிக்கல்லைத் தரையில் கொட்டினாற்போல ஒரு சத்தம். பொக்குகளெல்லாம் உடைந்தன. பால் கேன்கள் விரலைவிட்டு விழுந்து உருண்டன, இடுப்பில் குழந்தை வைத்திருந்தவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து பிறகு சமாளித்துக்கொண்டார்கள், பொங்கல் அண்டாவை ஒற்றைக் கையில் எடுத்து வந்த இளவட்டம் அதை அப்படியே மண்ணில் வைத்தான். ஊர் ஒரு முனகல் முனகித் தன் கனத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. மயிலாத்தாள் மட்டும் ஒரு கணம் நின்றாள், விளக்கு அணையாமல் தட்டை நேராகப் பிடித்தபடி நின்றாள், சென்னியப்பன் கை நீட்டுவதற்குள் இரண்டு காலும் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். சேலை ஒதுங்கிய இடத்தில் காலை எல்லோரும் பார்த்தார்கள். பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

டவுன் ஆஸ்பத்திரியில் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். டாக்டர் சென்னியப்பனை மட்டும் வராந்தாவுக்கு அழைத்தார். எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, சதைதான் போய்விட்டது, இத்தனை மாசம் கனமே ஏறாத கால், சிஸ்டர் சொன்னபடி நின்று பழகியிருந்தால் போன தையிலேயே தன் காலில் நடந்திருப்பார், இனி இருக்கிற வயசுக்கும் உடம்புக்கும் கட்டிலைவிட்டு நாற்காலிக்கு வந்தாலே பெரிது என்றார். சொல்லிவிட்டு அடுத்த படுக்கையைப் பார்க்கப் போனார். சென்னியப்பன் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு, போன தை, போன தை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றார்.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. கொஞ்ச நாள் தோள்வலித் தைலம் அதிகம் விற்றது, கொஞ்ச நாள் சென்னியப்பனைக் குறை சொன்னார்கள், நாலைந்து பேர் வந்து திரும்பவும் அதே மாதிரி ஓட்டக்கூடாதா என்று கூடக் கேட்டுப் பார்த்தார்கள். அவர் குப்புராசுவைக் கூட்டிவந்து மோட்டாரைக் கயிறு கட்டிக் கிணற்றுத் திட்டில் இறக்கினார், வளைவுகளைக் கழற்றினார், புதுச் சக்கரம் போட்டார். அரைநாள்கூட ஆகவில்லை. சுவிட்சைத் தட்டினால் சத்தமே இல்லை, தொட்டி மட்டும் நிரம்பி வழிந்து, வாய்க்கால் பிடித்து, வாழையின் கடைசி வரிசை வரைக்கும் தண்ணீர் போனது. நல்லா ஓடுதுங் என்றான் குப்புராசு. அந்த நல்ல ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் சென்னியப்பன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

மயிலாத்தாள் கட்டிலில் சாய்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வந்தவர் உட்கார்ந்து, குப்புராசு கார்த்திகையிலேயே எச்சரித்ததைச் சொன்னார், தான் மறைத்ததைச் சொன்னார், டாக்டர் வராந்தாவில் சொன்னதையும், தை மாசம் என்ற வார்த்தையையும் விடாமல் சொன்னார். அவள் உரிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

“எனக்குத் தெரியுமுங்,” என்றாள். “சிஸ்டர் அன்னைக்கே சொல்லிட்டாங்க, இதக் கட்டிக்கிட்டு நடந்தீங்கன்னா கால் சூம்பிப் போயிரும், கழட்டி எறிஞ்சுட்டு நில்லுங்கன்னு. என்ற கால் சூம்பறது எனக்குத் தெரியாமயா இருக்கும்?”

“அப்பறம் ஏனம்மிணி எங்கிட்டச் சொல்லல?”

அவள் முறத்தை ஒதுக்கி வைத்தாள்.

“நா நடக்கறப்ப நீங்க வாசல்ல நின்னு பாப்பீங்கல்லங். அந்த மொகத்தப் பாக்கறதுக்குத்தானுங் நடந்தேன்.”

சென்னியப்பன் எழுந்தார். கால்மாட்டில் போய் உட்கார்ந்து, போர்வையை விலக்கி, அவளுடைய இரண்டு கால்களையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மடியில் ஏதோ இருக்கிறது என்று தெரிகிற அளவுக்குக்கூட அவை கனக்கவில்லை.